துவர்த்து தடுக்காது

நாகர்கோவிலில் இருந்து களியக்காவிளை வரை, பிரதான சாலையை விட்டு எந்தக் கிளைச் சாலையில் திரும்பினாலும் ஒரு வீட்டு முற்றத்தில் தகரக் கூரைக்குக் கீழே பேப்பர் ஒட்டி, கண்ணாடி மறைத்து ஒரு கார் நிற்பதைப் பார்க்கலாம். போர்டு இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் இருக்கும். ஒரு பக்கம் டிங்கரிங், மறுபக்கம் பெயின்டிங். வீட்டுக்காரர்தான் ஆசான், கையாளாக ஒரு பையன். இரண்டு எட்டு வைத்தால் அடுக்களை ஜன்னல். இந்த ஷெட்டுகளில் நடக்கும் கடைசி வேலையைப் பற்றி இப்போதே பேசியாக வேண்டும். நிறத்துக்கு மேல் பளபளப்புக்காக அடிக்கும் கிளியர் கோட், அடிக்கிறவரின் நுரையீரலை வாழ்நாள் முழுக்கக் கெடுத்துவிடக் கூடியது. மேலை நாடுகளில் இதற்கென்று சட்டமும் பயிற்சியும் பரிசோதனையும் இருக்கின்றன. நம் குமரி மாவட்டத்தில், அன்றாடம் அதை மூச்சில் இழுக்கும் ஆசானிடமும் பையனிடமும் யாரும் வாய் திறந்து சொன்னதாகத் தெரியவில்லை.

வேலை நடக்கிற விதத்தைக் கிட்டே நின்று பார்த்தால் விஷயம் விளங்கும். பட்டி பிடித்து, வாட்டர் பேப்பரால் தேய்த்து, பிரைமர் போட்டு, நிறம் அடித்து முடித்த வண்டி கிளியருக்குத் தயாராக நிற்கிறது. தூசி எழும்பக் கூடாது என்று தரையில் தண்ணீர் தெளிப்பார்கள். மின்விசிறியை நிறுத்துவார்கள். சுற்றிலும் பாலித்தீன் திரையை இறக்கிவிடுவார்கள். அளவுக் கோப்பையில் கிளியரை ஊற்றி, அதற்குரிய ஹார்டனரைச் சேர்ப்பார்கள். கம்பெனியைப் பொறுத்து இரண்டுக்கு ஒன்று, அல்லது நான்குக்கு ஒன்று. கொஞ்சம் தின்னர் விட்டுக் கலக்கி, வடிகட்டி, ஸ்பிரே கன்னில் நிரப்புவார்கள். ஆசான் தோளில் கிடக்கும் துவர்த்தை (துண்டை) எடுத்து மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிக்கொள்வார். முதல் கோட் லேசாக. பத்து நிமிடம் பொறுத்து இரண்டாவது கோட், தகடு நன்றாக நனையும்படி. அதற்குள் ட்யூப் லைட்டின் வெளிச்சம் மங்கத் தொடங்கியிருக்கும். கடைசிக் கதவு முடிந்ததும் கன்னைக் கீழே வைப்பார், துவர்த்தை அவிழ்ப்பார், முகத்தைத் தகட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், பானெட்டில் தூசி விழுந்திருக்கிறதா, கதவோரம் எங்காவது ஒழுகியிருக்கிறதா என்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். செய்யும் தொழிலில் பெருமை உள்ள எவரும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

அந்த நேரம்தான் மிக மோசமான நேரம். கண்ணுக்குத் தெரிகிற மூட்டம் கலைந்த பிறகும் கண்ணுக்குத் தெரியாத மென்துளிகள் காற்றில் மிதந்துகொண்டே இருக்கும். காற்றை உறிஞ்சி வெளியேற்றும் வசதியோடு பெயின்ட் அடிக்கவே கட்டிய முறையான ஸ்பிரே பூத்தில் அவை சில நிமிடங்களில் வெளியேறிவிடும். சாதாரண அறையில் இருபது நிமிடமோ அதற்கு மேலோ ஆகலாம். பிரிட்டனில் விலையுயர்ந்த முகமூடி அணிந்து வேலை செய்கிறவர்களே, அடித்து முடித்த கையோடு முகக் கவசத்தைத் தூக்கித் தகட்டைப் பார்க்கும் பழக்கத்தால் நஞ்சை வாங்கிக்கொள்கிறார்கள் என்று அந்நாட்டுத் தொழிற்பாதுகாப்புத் துறை திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது. பாலித்தீன் திரைக்குள், விசிறியை நிறுத்திவிட்டு, துவர்த்தோடு நிற்கும் நம் ஆசானின் நிலையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தச் சின்ன டப்பாவில் வரும் ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட் என்ற ரசாயன வகை. கார் கிளியரில் பெரும்பாலும் ஹெக்ஸாமெத்திலீன் டை ஐசோசயனேட்டும் அதிலிருந்து செய்யப்படும் கூட்டுப் பொருட்களும். கிளியரில் உள்ள பிசினோடு இது வினை புரிந்து இறுகுவதால்தான் கண்ணாடி போன்ற அந்தக் கெட்டியான மேற்பரப்பு கிடைக்கிறது. வெயிலுக்கும் மழைக்கும் பெட்ரோல் சிந்தலுக்கும் அது தாக்குப்பிடிப்பதும் அதனால்தான். டப்பாவில் 'டூ-கே' என்று போட்டிருந்தால் இந்த இரண்டு பகுதிச் சமாச்சாரம் என்று பொருள்.

ஐசோசயனேட் என்ற பெயர் இந்தியாவுக்குப் புதிதல்ல. 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து கசிந்தது மெத்தில் ஐசோசயனேட். இரண்டும் ஒரே குடும்பம். ஆனால் இரண்டையும் ஒன்றாக்கிப் பீதி கிளப்பக் கூடாது. போபாலின் ரசாயனம் சுலபத்தில் ஆவியாகும் திரவம். ஓர் இரவில் ஒரு நகரத்தையே மூடியது. ஹார்டனரில் இருப்பது அந்த அளவு வேகமாக ஆவியாவதில்லை. டப்பாவில் இருக்கும் வரை பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். கம்பிரசரின் அழுத்தத்தில் அதைப் பொடித்துளியாக்கிக் காற்றில் கலப்பது நாம்தான்.

அது நுரையீரலில் செய்யும் வேலை மெதுவானது. முதல் நாள் ஒன்றும் தெரியாது. மாதங்கள் போகலாம், வருடங்கள் போகலாம். ஒரு கட்டத்தில் உடம்பின் நோயெதிர்ப்பு மண்டலம் இந்தப் பொருளைப் பகையாக அடையாளம் வைத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு எவ்வளவு கொஞ்சமாக உள்ளே போனாலும் மூச்சுக்குழாய் சுருங்கும், நெஞ்சு இறுகும், இளைப்பு வரும். வேலை செய்யும்போதே வந்தாலாவது காரணம் பிடிபடும். பலருக்கு அது நான்கு முதல் எட்டு மணி நேரம் கழித்து, ராத்திரி தூக்கத்தில், இருமலாகத் தொடங்குகிறது. சாயங்காலம் அடித்த கிளியரையும் நடுராத்திரி இருமலையும் யார் முடிச்சுப் போடப் போகிறார்கள்? பனி ஒத்துக்கொள்ளவில்லை, சளி கட்டியிருக்கிறது, வீட்டில் எல்லாருக்கும் வீசிங் உண்டு என்று ஏதோ ஒரு காரணம் கிடைத்துவிடும். வேலை இல்லாத வாரத்தில் சரியாகி, வேலை தொடங்கியதும் திரும்ப வந்தால் சந்தேகப்பட வேண்டும். இந்த ஒரு அடையாளம் தெரிந்திருந்தால் பாதிப் பேரையாவது ஆரம்பத்திலேயே பிடித்துவிடலாம். ஆரம்பத்தில் பிடிப்பது முக்கியம். சீக்கிரம் விலகியவர்களுக்குக் குணமாகும் வாய்ப்பு அதிகம். இழுத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தவர்களுக்குத் தொழிலை விட்ட பிறகும் இளைப்பு தங்கிவிடுகிறது.

தங்குவதோடு நிற்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. இத்தாலியில் 43 வயதுக் கார் பெயின்டர் ஒருவருக்கு இதே குடும்பத்தைச் சேர்ந்த டொலுவீன் டை ஐசோசயனேட்டால் ஆஸ்துமா என்று சோதனையிலேயே உறுதியாகியிருந்தது. அவர் தொழிலை விடவில்லை. ஒருநாள் வேலையிடத்தில் பாலியூரித்தேன் பெயின்டின் அருகே இருந்த ஒரு மணி நேரத்துக்குள் இறந்துபோனார். 1988-இல் மருத்துவ இதழ் ஒன்றில் இது பதிவானது. 1996-இல் அமெரிக்கத் தொழிற்சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ், டை ஐசோசயனேட்டால் வரும் ஆஸ்துமாவையும் மரணத்தையும் தடுப்பது பற்றித் தனி எச்சரிக்கை ஏடே வெளியிட்டது. பிரிட்டனில் வாகன ஸ்பிரே பெயின்டர்களுக்குத் தொழில்வழி ஆஸ்துமா வரும் அபாயம், சராசரித் தொழிலாளியைவிடச் சுமார் 80 மடங்கு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பூத்தும் முகமூடியும் சட்டமும் உள்ள நாட்டின் கணக்கு இது.

எவ்வளவு குறைவான அளவு போதும் என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிரிட்டனில் ஒரு கன மீட்டர் காற்றில் எட்டு மணி நேரச் சராசரியாக 0.02 மில்லிகிராம், கால் மணி நேரத்துக்கு 0.07 மில்லிகிராம் ஐசோசயனேட்டுக்கு மேல் போகக் கூடாது. நம் ஷெட் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: ஆறு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம். உள்ளே 72 கன மீட்டர் காற்று. அதில் ஐந்து மில்லிகிராம் கலந்தாலே கால் மணி நேர எல்லையைத் தொட்டாயிற்று. ஒரு முழு வண்டிக்குக் கிளியர் அடிக்க அரை லிட்டருக்கு மேல் ஹார்டனர் செலவாகும். பழைய வகைக் கன்னில் அடித்தால் பாதிக்கு மேல் வண்டியில் ஒட்டாமல் காற்றில்தான் போகிறது. மில்லிகிராமில் எல்லை வைத்த பொருளை நாம் கிராம் கணக்கில் மூடிய ஷெட்டுக்குள் பறக்கவிடுகிறோம்.

இதைச் சொன்னால் உடனே வரும் பதில் ஒன்று உண்டு: "முப்பது வருசமா அடிக்கேன், எனக்கு ஒண்ணும் ஆகல்லியே." அனுபவசாலிகள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த முப்பது வருடமும் அவர்கள் அடித்தது ஒரே பெயின்ட் இல்லை. அம்பாசடர், பத்மினி காலத்தில் ஓடியது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். 1920-களில் அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனி 'டியூகோ' என்ற பெயரில் கொண்டுவந்தது; இன்றைக்கும் கார் பெயின்டை டியூகோ என்றே சொல்கிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். தின்னர் ஆவியானால் அது தானாகக் காயும், ஹார்டனர் வேண்டாம். அதன் தின்னரும் நல்லதல்ல; தலைவலியும் மயக்கமும் தரும், தீப்பிடிக்கும். ஆனால் அதில் ஐசோசயனேட் இல்லை. பிறகு மெட்டாலிக் நிறங்கள் வந்தன, நிறம் தனி, கிளியர் தனி என்ற முறை வந்தது, ஹார்டனர் டப்பா ஷெட்டுக்குள் நுழைந்தது. டப்பா மாறியது, துவர்த்து மாறவில்லை. லாக்கர் காலத்து ஆசானிடம் தொழில் படித்த பையன், லாக்கர் காலத்துப் பழக்கத்தோடு டூ-கே அடிக்கிறான். ஆசானின் முப்பது வருடத்தை அவன் தனக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது. இன்னொன்றும் உண்டு: இளைப்பு வந்தவர்கள் தொழிலை விட்டுப் போயிருப்பார்கள். ஷெட்டில் நிற்கிறவர்களை மட்டும் எண்ணினால் எந்தத் தொழிலும் ஆரோக்கியமானதாகத்தான் தெரியும்.

பார்வைக்குக் கிளியர் தண்ணீர் மாதிரி இருப்பதும் ஒரு வினை. அதில் நிறமி எதுவும் இல்லை. கையில் பட்டாலும் கறை தெரியாது. ஆகையால் கையுறை இல்லாமல் கலக்குவார்கள், தின்னரில் கை கழுவுவார்கள். ஐசோசயனேட் தோல் வழியாகவும் உடம்பின் ஒவ்வாமையைக் கிளப்பக் கூடியது. தின்னர் தோலின் எண்ணெய்ப் பசையைக் கரைத்து அதற்கு வாசல் திறந்துவிடுகிறது.

முகமூடி விஷயத்தில் தப்பான நம்பிக்கை, நம்பிக்கை இல்லாததைவிட ஆபத்து. துணி எதையும் தடுக்காது. கொரோனாவில் மிஞ்சிய என்-95 துளிகளில் ஒரு பகுதியைப் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. தாடி வைத்த முகத்தில் ஓரமெல்லாம் இடைவெளி. கரி வடிகட்டி பொருத்திய ரப்பர் முகமூடி இவற்றைவிட மேல்தான். ஆனால் கரி நிறைந்துவிட்டால் உள்ளே வருவது மூக்குக்குத் தெரியாது. அபாய அளவை எட்டிய பிறகும் ஐசோசயனேட்டுக்கு வாசனை வராது; நாம் முகர்வது தின்னரைத்தான். "வாடை இல்லை, அதனால் பரவாயில்லை" என்ற கணக்கு இங்கே செல்லாது. ஆகவேதான் பிரிட்டனில் டூ-கே அடிப்பவருக்கு வெளியிலிருந்து குழாய் வழியாகச் சுத்தமான காற்று தரும் முகமூடியையே கேட்கிறார்கள். அதை இங்கே வாங்கினாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கம்பிரசர் அதே ஷெட்டுக்குள் நின்று அதே காற்றை இழுத்தால், நஞ்சை வடிகட்டாமல் மூக்குக்கு நேராகக் கொண்டுவந்து கொடுத்ததாக ஆகும்.

இனி நம் மண்ணுக்கே உரிய சிக்கல்கள். குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஈரம் ஐசோசயனேட்டின் எதிரி. திறந்து வைத்த ஹார்டனர் காற்றின் ஈரத்தோடு வினை புரிந்து கார்பன் டை ஆக்சைடை உண்டாக்கும். பாதி தீர்ந்த டப்பா மூடியோடு உப்பி நிற்பது அதனால்தான். அடித்த தகடும் ஈரத்தில் வெளிறிப்போகும். ஆக மழைக்காலத்தில் ஷெட்டை இன்னும் இறுக்கமாக மூடுகிறார்கள். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சிக் கடற்கரையோரம் உப்புக்காற்றில் வீல் ஆர்ச்சும் கதவின் அடிப்பாகமும் துருப்பிடிக்கிற வேகத்தில், பெயின்டிங் வேலைக்கு வருடம் முழுக்கப் பஞ்சமில்லை. அதிலும் கிறிஸ்துமஸுக்கு முன் வண்டியைப் புதுசாக்கிவிட வேண்டும் என்று ஐப்பசி, கார்த்திகையில் வேலை நெருக்கும். மழையும் அப்போதுதான் நெருக்கும். வருடத்தில் அதிகம் அடிக்கிற மாதங்களும் அதிகம் மூடிவைக்கிற மாதங்களும் ஒன்றாக விழுகின்றன.

வீடும் பட்டறையும் ஒன்றாக இருப்பது அடுத்தது. விளவங்கோடு, கல்குளம் பக்கம் வீடு அதனதன் விளைக்குள் தனியாக நிற்கும். தென்னைக்கும் ரப்பருக்கும் நடுவே ஷெட் போட்டால் அண்டை வீட்டுக்கு அவ்வளவு தொந்தரவு இல்லை. தொந்தரவெல்லாம் சொந்த வீட்டுக்குத்தான். வடசேரி, கோட்டாறு மாதிரி நெருக்கமான தெருக்களில் ஒரு மதில்தான் இடைவெளி. இங்கே எக்ஸாஸ்ட் ஃபேன் வைக்கிறவர்கள் அதை அடுத்த வீட்டின் படுக்கையறை ஜன்னலைப் பார்த்து வைத்துவிடுகிறார்கள். ஏற்கெனவே ஆஸ்துமா உள்ள குழந்தையோ வயதானவரோ அந்த ஜன்னலுக்குப் பின்னால் இருந்தால், தின்னர் வாடை மட்டுமே போதும். தீ விபத்தையும் மறந்துவிட வேண்டாம். தின்னரில் உள்ள டொலுவீன் 4 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும் அளவு ஆவி விடும். நம் ஊர் மார்கழி விடியலும் அதைவிட எவ்வளவோ சூடு. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து அடுக்களைக்குப் போய் காஸ் அடுப்பைத் தேடும். அதே ஷெட்டில் அந்தப் பக்கம் வெல்டிங் நடந்தால் அடுக்களை வரை போக வேண்டிய அவசியமும் இல்லை.

இப்போது புது வகை ஆட்கள் இதில் சேர்ந்திருக்கிறார்கள். தொழில்முறைப் பெயின்டர்கள் அல்ல. சொந்த வண்டியைச் சொந்தக் கையால் அடித்துப் பார்க்க ஆசைப்படும் இளைஞர்கள். வீடியோ பார்த்து, ஆன்லைனில் சின்னக் கம்பிரசரும் கன்னும் வாங்கி, போர்ட்டிகோவில் தார்ப்பாய் கட்டி வேலையைத் தொடங்குகிறார்கள். கம்பிரசரும் வேண்டாம் என்கிறவர்களுக்கு, அடியில் உள்ள பொத்தானை அழுத்தினால் ஹார்டனர் உள்ளேயே கலந்துவிடும் டூ-கே ஸ்பிரே கேன் இருக்கிறது. கையில் அடங்கும் கேன் என்பதால் ஆபத்தும் கையடக்கம் என்று நினைக்க வேண்டாம். உள்ளே இருப்பது அதே ஐசோசயனேட்தான். கைவேலையில் ஆர்வம் வருவதை நாம் குறை சொல்ல மாட்டோம். பட்டி பிடிக்கட்டும், தேய்க்கட்டும், பிரைமர் போடட்டும், நிறம் பொருத்தட்டும். டூ-கே கிளியரை மட்டும் பூத் உள்ள இடத்தில் கொடுத்து அடிப்பதே புத்திசாலித்தனம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். முழுதாகக் காய்ந்து இறுகிய கிளியரால் வண்டி ஓட்டுகிறவருக்கு ஆபத்து எதுவும் இல்லை. விலை கொடுத்தவருக்குப் பளபளப்பு, அடித்தவருக்கு இளைப்பு என்பதாக இருக்கிறது பங்கீடு. 'தண்ணீர் பெயின்ட்', 'ஈயம் இல்லாதது' என்று விளம்பரம் பார்த்து நிம்மதி அடைவதும் தவறு. நிறம் தண்ணீரில் கரைந்ததாக இருந்தாலும் அதன் மேல் அடிக்கும் கிளியர் பெரும்பாலும் அதே டூ-கேதான்.

சட்டம் என்ன சொல்கிறது? சொல்ல வேண்டியதை ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறது. போபாலுக்குப் பிறகு 1987-இல், 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. அதன் மூன்றாம் அட்டவணையில், மருத்துவர் பார்த்தால் அரசுக்கு அறிவித்தே ஆக வேண்டிய நோய்களின் வரிசையில் ஈய நஞ்சு, சிலிகோசிஸ் இவற்றோடு ஐசோசயனேட் நஞ்சும் இடம் பெற்றது. ஆனால் அந்தக் கடமை தொழிற்சாலைத் தொழிலாளிக்கு நோய் வந்தால்தான் என்று இருந்தது. மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் குறைந்தது பத்துப் பேர் வேலை செய்தால்தான் அது தொழிற்சாலை என்று இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்தப் பத்தை இருபதாக உயர்த்தியிருக்கிறது. பத்துக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் இடத்தையும் விரும்பினால் சட்டத்துக்குள் கொண்டுவர மாநில அரசுக்கு 1948 சட்டத்தின் 85-ஆம் பிரிவு அதிகாரம் தந்தது. உடனேயே ஒரு விலக்கும் சேர்த்தது, உரிமையாளர் தன் குடும்பத்தாரை மட்டும் வைத்துச் செய்யும் தொழிலுக்கு அது பொருந்தாது என்று. அப்பனும் மகனும் மட்டும் நிற்கும் முற்றத்து ஷெட் அந்த விலக்குக்குள் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. அங்கே ஒருவருக்கு இளைப்பு வந்தால் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. பதிவேட்டில் இல்லாத நோய்க்கு எந்த அதிகாரியும் பணம் ஒதுக்கப் போவதில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் இதை வேறு முனையிலிருந்து பிடித்தது. 0.1 விழுக்காட்டுக்கு மேல் தனி டை ஐசோசயனேட் உள்ள பொருளைத் தொழில்முறையில் கையாளுகிற எவரும், எத்தனை பேர் வேலை செய்யும் இடமாக இருந்தாலும், பயிற்சி முடித்துச் சான்று பெற்றிருக்க வேண்டும் என்று 2023 ஆகஸ்ட் 24 முதல் கட்டாயமாக்கியது. ஆள் எண்ணிக்கையைப் பார்க்காமல் டப்பாவைப் பார்க்கிறது அந்தச் சட்டம். நமக்குப் பொருந்தும் வழியும் அதுதான். ஷெட்டைத் தேடி ஊர் ஊராகப் போக வேண்டாம். ஹார்டனர் விற்கும் கடைகள் மாவட்டத்தில் விரல் விட்டு எண்ணும் அளவில் இல்லாவிட்டாலும் எண்ணி முடிக்கக் கூடிய அளவில்தான் இருக்கும். டப்பாவில் பெரும்பாலும் பொடி எழுத்து ஆங்கிலத்தில் இருக்கும் எச்சரிக்கையைத் தமிழில் பெரிதாக அச்சிட்டு ஒட்டாமல் விற்கக் கூடாது என்று ஆணையிட்டால், ஒரே மாதத்தில் செய்தி ஒவ்வொரு முற்றத்துக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

ஷெட்டுகளைப் பூட்டச் சொல்லி நாம் எழுதவில்லை. பூட்டினால் ராத்திரியில் கதவைச் சாத்திக்கொண்டு அடிப்பார்கள், அவ்வளவுதான். ஆயிரக்கணக்கில் சம்பாதிக்கும் ஆசானிடம் பல லட்சம் போட்டு பூத் கட்டச் சொல்வதும் கேலி. வளைகுடாவில் பூத்துக்குள் நின்று முழு முகமூடியோடு அடித்துப் பழகிய கைகள் நம் மாவட்டத்தில் நிறையவே உண்டு. ஊருக்குத் திரும்பியதும் அதே கைகள் துவர்த்தைக் கட்டுவது அறியாமையால் அல்ல, வேறு வழி இல்லாததால். அந்த வழியை அரசு உண்டாக்கித் தர முடியும். குறு, சிறு தொழில்கள் ஒன்று சேர்ந்தால் பொது வசதி மையம் அமைக்க மத்திய அரசின் குழும மேம்பாட்டுத் திட்டத்தில் நிதி உண்டு. கோணத்தில் சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது, அரசு ஐ.டி.ஐ.யும் அங்கேதான். அங்கே ஒரு பூத், மார்த்தாண்டத்தைச் சுற்றி ஒரு பூத். ஆசான் தன் ஷெட்டில் டிங்கரிங் முதல் நிறம் வரை முடித்து, கிளியருக்கு மட்டும் வண்டியைக் கொண்டுவந்து மணிக்கணக்கு வாடகைக்கு அடித்துவிட்டுப் போகலாம். சூடாக்கிக் காய வைக்கும் வசதியும் சேர்ந்தால் மழைக்காலத்தில் இரண்டு நாள் காத்திருக்கும் வேலை ஒரு மணி நேரத்தில் முடியும். தூசி விழாது, ரப்பிங் மிச்சம். உடம்புக்காக வராதவர்கூட ஃபினிஷிங்குக்காக வருவார். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் ஐ.டி.ஐ.யில் ஒரு நாள் பயிற்சி நடத்தினால், பூத் வருவதற்கு முன்பே பாதி வேலை முடிந்த மாதிரி.

அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கும் வாகனப் பழுதுபார்ப்புத் தொழிலாளர்களுக்கும் தமிழக அரசின் நல வாரியம் ஒன்று இருக்கிறது. அதில் பதிவு பெற்ற பெயின்டர்களுக்கு வருடம் ஒரு முறை மூச்சுத்திறன் பரிசோதனை செய்தால் நோய் முற்றும் முன் தெரிந்துவிடும். ஒரு குழாயில் ஊதிப் பார்க்கும் எளிய சோதனைதான் அது. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாகச் சென்று சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். அதே வீட்டு முற்றத்தில்தான் ஷெட் நிற்கிறது. "பெயின்ட் அடிக்கிறீர்களா, ராத்திரி இருமல் உண்டா" என்று இரண்டு கேள்வி சேர்க்கச் செலவு ஒன்றும் இல்லை. நோயாளி என்ன தொழில் செய்கிறார் என்று மருத்துவர் கேட்டாக வேண்டும் என்று இத்தாலியின் ரமாசினி 1700-இலேயே எழுதிவைத்தார். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் ஊர்தோறும் உள்ள கிளினிக்குகளிலும், இளைப்போடு வரும் நடுவயது ஆணிடம் பீடி உண்டா என்று கேட்கிற மூச்சிலேயே இதையும் கேட்கலாம்.

பூத் வரும் வரை ஷெட்டில்தான் அடிப்பேன் என்கிறவர்கள் சிலவற்றையாவது இன்றே செய்ய முடியும். கையாள் பையனை வெளியே அனுப்புங்கள். கிளியர் அடிக்க ஒருவர் போதும். வீட்டில் அடுப்பை அணைத்துவிட்டுப் பிள்ளைகளை அப்புறப்படுத்துங்கள். காற்றுக் குழாய் முகமூடியை நான்கு ஆசான்கள் கூட்டாக வாங்குங்கள், ஆனால் கம்பிரசரை வெளியே நல்ல காற்றில் வையுங்கள். காற்றழுத்தம் குறைந்த ஹெச்.வி.எல்.பி. கன்னுக்கு மாறுங்கள், காற்றில் வீணாவது குறையும், கிளியரும் மிச்சமாகும். அடித்து முடித்தவுடன் முகமூடியோடே வெளியே போய்விடுங்கள். தகட்டை அரை மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் ஒழுகல் அங்கேயேதான் இருக்கும். இவை எதுவும் பூத்துக்கு ஈடாகாது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ராத்திரி இருமல் தொடங்கியவர்களுக்கு இந்த யோசனைகள் பொருந்தா. அவர்கள் கன்னைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சக மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வண்டிக்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. பேனலுக்கு இவ்வளவு என்று பேசி, அதிலும் ஐநூறு குறைத்து, "ஷோரூம் ஃபினிஷிங் வேணும்" என்று கேட்கிறவர்கள் நாம்தான். அந்த ஐநூறு கழிவது ஆசானின் முகமூடியிலிருந்து. வரும் ஐப்பசிக்குள் மாவட்ட ஆட்சியர் பெயின்ட் கடைக்காரர்களையும் ஷெட்காரர்களையும் தொழிலகப் பாதுகாப்பு அதிகாரிகளையும் ஒரே மேஜையில் உட்கார வைக்க வேண்டும். தமிழ் எச்சரிக்கை ஒட்டாத ஹார்டனர் டப்பா மாவட்டத்தில் விற்கக் கூடாது என்ற முடிவும், கோணத்துப் பொது பூத்துக்கான விண்ணப்பமும் அந்தக் கூட்டத்திலேயே கையெழுத்தாக வேண்டும். கிறிஸ்துமஸ் வேலை அதற்குப் பிறகு தொடங்கட்டும்.